புளிச்சை விதை

வீட்டு வளவில் கீரை மரக்கறி நடும் சகோதரிகளே, புளிச்சையை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இலையை ஆய்ந்து ஆணமாக்குவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். சூடானிலும் எகிப்திலும் நோன்பு திறக்கும்போது குடிக்கும் சிவந்த ‘கர்கதே’ பானம் இதே செடியிலிருந்துதான் வருகிறது. பூ வாடிய பின் காயைச் சுற்றிப் பருத்துச் சிவக்கிறதே, அந்தப் புளித்த தோல்தான் அது. என்னிடம் அறபு படிக்கும் பிள்ளைகள் அதைக் கடையில் விற்கும் ஏதோ சாயத்தூள் என்றே நினைத்திருந்தார்கள்!

வெண்டிக்கும் செவ்வரத்தைக்கும் இது சொந்தக்காரி. விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நல்ல வெயில் விழும் இடத்தில், அரை அங்குல ஆழத்தில் குழிக்கு மூன்றாக இடுங்கள். முளைத்ததும் திடமான ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். செடிக்குச் செடி மூன்றடி வேண்டும். மே, ஜூனில் நட்டால் நன்கு வளர்ந்து, பகல் குறுகும் வருடக் கடைசியில் பூக்கும். பிந்தி நட்டால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். ஒன்றரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பரப்பும். கிள்ளிய குருத்து அன்றைய ஆணத்துக்கு. சாணத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். இலைதான் மண்டும், காய் குறையும்.

பானத்துக்கு நாம் பறிப்பது பிஞ்சுக் காய். அதிலுள்ள விதை முற்றாதது, முளைக்காது. ஆசைப்பட்டு எல்லாவற்றையும் பறித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஆரம்பத்திலேயே திறமான செடி ஒன்றில் நூல் கட்டி வையுங்கள். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. காய் பழுப்பேறிக் காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது விதையை எடுத்து, நிழலில் உலர்த்திப் போத்தலில் அடையுங்கள். ஒரு பிடியை அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள்.

என் மனைவியின் உம்மா மன்னாரைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மாற்றுடுப்பு மட்டும் உள்ள ஒரு பையோடு புத்தளம் வந்து சேர்ந்தார். விதைப் போத்தல் அடுப்படித் தட்டிலேயே நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன்பே கற்பிட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கைக்கு ஒரு பிடி விதை கொடுத்தனுப்பியிருந்தார். மறு வருடம் முகாமின் கிடுகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் முளைத்தது அந்த விதைதான். இன்று என் வளவில் நிற்பதும் அதன் வழி வந்ததே. நூல் கட்டிய செடியில் பேரப்பிள்ளைகள் கை வைத்தால் மாமிக்குக் கோபம் வரும்; வேறு எதற்கும் அவர் கோபித்து நான் கண்டதில்லை.

பானம் செய்வது லேசு. நடுக்காயை நீக்கிவிட்டுத் தோலை மாத்திரம் ஒரு கைப்பிடி எடுத்து, நாலு கோப்பைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, சீனி சேருங்கள். புளிப்பானது என்பதால் அலுமினியச் சட்டி வேண்டாம். பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள் டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். இது இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக் கூடியது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகள் இந்தப் பானத்தைத் தவிர்த்துக்கொள்வது நல்லது.