பொன் பூசிய பாத்திரம்

சகோதரிகளே, பளிங்குத் தட்டும் பொன்னிற வெண்கலக் காலுமாக 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாத்திரங்களைப் படங்களில் கண்டிருப்பீர்கள். இத்தாலியர் 'தாட்சா' என்பர்; அரபியின் 'தாஸா'விலிருந்து போன சொல்தான். அலங்காரத்துக்கே அன்றி விருந்துக்கு அவ்வளவாக உதவாத பண்டம்!

அந்தப் பொன்னிறம் எப்படி வந்தது தெரியுமா? தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்து வெண்கலத்தில் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்குக் கை நடுங்கும், பல் ஆடும், புத்தியும் பேதலிக்கும். 1840இல் இங்கிலாந்தில் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை கிடைத்த பின்னர் இவ்வேலை மெல்லக் குறைந்தது. விலை பேசுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

அப்படியொன்று உங்கள் வீட்டில் இருந்தால் தேசிக்காயோ புளியோ போட்டுத் துலக்காதீர்கள். புளிப்பு பளிங்கை அரிக்கும். அழுத்தித் தேய்த்தால் பொன்னும் போய்விடும். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.