சுருக்கொப்பம்

வடபழனி ஆண்டவர் கோயிலில் சாயரட்சை முடிந்து, ஆற்காடு சாலையில் வீடு திரும்புகிறவர்களின் நெரிசல் மிகும் வேளையில்தான், டெண்டரில் தோற்றவர்கள் என் சேம்பர்ப் படியேறி வருவது வழக்கம். பகலெல்லாம் வேலைத்தளத்தில் நின்றுவிட்டு, சட்டையில் சிமெண்டுப் பொடியோடு வந்து அமரும் அந்தக் கட்சிக்காரர்கள் முதலில் உதிர்க்கும் வாக்கியம் அநேகமாக ஒன்றே: "சார், நான்தான் எல்-ஒன், என்னைத் தள்ளிட்டாங்க." எல்-ஒன் என்றால் மிகக் குறைந்த விலை கோரியவர்.

மழைநீர் வடிகால் கட்டும் சிறு ஒப்பந்தக்காரர் ஒருவர் இப்படிச் சொன்னபோது, அவர் நீட்டிய கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க தொழில்நுட்ப உறையையே நிராகரிச்சிருக்காங்க, விலை உறையைப் பிரிக்கவே இல்லை. அப்புறம் நீங்கதான் எல்-ஒன்னுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தவர், "மத்தவங்க விலையெல்லாம் வாசிச்சாச்சே சார், நான் போட்ட விலை எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் சொன்னதில் தர்க்கப் பிழை யாதொன்றும் இல்லை. ஆயினும் அந்தத் தர்க்கத்துக்கும், அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் நீதிபதி கேட்கக்கூடிய கேள்விக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை அவருக்கு விளக்குவதற்குள் இரண்டு முறை காப்பி வரவழைக்க நேர்ந்தது.

யாருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் விசாரிப்பதில்லை. முடிவு எவ்வழியில் எட்டப்பட்டது என்பதையே அது விசாரிக்கிறது. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கும் கைப்பேசிச் சேவைக்கான உரிமங்கள் வழங்கப்பட்டது பற்றிய டாடா செல்லுலார் வழக்கில், முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்த எஸ். மோகன் அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்காக 1994 ஜூலையில் எழுதிய தீர்ப்பு, இத்துறையில் தொழில் செய்கிறவர்களுக்கெல்லாம் பாலபாடம். நீதிமன்றம் மேல்முறையீட்டு அதிகாரியாகத் தன்னைப் பாவித்துக்கொள்ளலாகாது என்றும், தனக்கு நிபுணத்துவம் இல்லாத விஷயத்தில் நிபுணரின் முடிவை அகற்றித் தன் முடிவை வைக்கலாகாது என்றும், ஆயினும் தன்னிச்சையும் பட்சபாதமும் தீய நோக்கமும் தலைகாட்டுமிடத்தில் வாளாவிருக்கலாகாது என்றும் அது வரம்பு கட்டிற்று.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, பம்பாய் விமான நிலையத்துச் சிற்றுண்டிச்சாலை பற்றிய ரமண தயாராம் ஷெட்டி வழக்கில், அரசு தானே விதித்த தகுதியைத் தானே மீறலாகாது என்ற பெருங்கொள்கை நிலைநாட்டப்பட்டது. அந்தக் கொள்கையை இன்றும் மேற்கோள் காட்டாத வழக்கறிஞர் இல்லை. ஆனால் அதைப் பெற்றுத் தந்த மனுதாரரின் மனு தள்ளுபடியாயிற்று என்பதை நினைவில் வைத்திருப்பவர் சிலரே; ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் தாமதித்ததும், அதற்குள் எதிர்த்தரப்பு கணிசமாகச் செலவிட்டுவிட்டதும், இன்னொருவருக்காக அவர் வழக்காடுகிறார் என்ற ஐயமும் அவருக்கு எதிராயின.

ஆகவே எங்கள் தொழிலின் சூட்சுமம் வாதத் திறமையில் இருப்பதைவிடக் கோப்பைப் படிப்பதிலேயே அதிகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும், உறை பிரிக்கும் மேசையில் செய்ய வேண்டியவற்றைக்கூட விடாமல் சொல்கின்றன: விலைப்பக்கத்தில் குழுவினர் சுருக்கொப்பமிட வேண்டும், விலையைச் சுற்றி வட்டமிட வேண்டும், அடித்தல் திருத்தல் இருந்தால், உறை பிரித்தபோதே அது இருந்தது என்பது தெளிவாகத் தெரியும்படி அதனருகிலும் ஒப்பமிட வேண்டும். இவையெல்லாம் குமாஸ்தா வேலை என்று இளமையில் நான் அலட்சியமாக நினைத்ததுண்டு.

அந்த அலட்சியம் நீங்கியது ஒரு மதியம். சொற்பத் தொகையில் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்ட என் கட்சிக்காரரின் வழக்கில், நீதிபதியின் உத்தரவுப்படி அரசு வழக்கறிஞர் அசல் கோப்பைப் புரட்டிக் காட்டியபோது, வென்றவரின் விலைப்பக்கத்தில் ஓர் இலக்கம் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. மற்றப் பக்கங்களிலெல்லாம் மூன்று சுருக்கொப்பங்கள் நீல மையில் வரிசையாக நிற்க, அந்தத் திருத்தத்தின் அருகே மட்டும் காகிதம் வெறுமையாக இருந்தது. கூட்டல் பிழையைச் சரிசெய்ததுதான் என்று பதிலுரையில் ஒரு காரணம் கூறப்பட்டது; ஆனால் உத்தரவிலோ கூட்டக் குறிப்பிலோ அக்காரணம் காணப்படவில்லை. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பின்னால் பிரமாண வாக்குமூலத்தில் புகுத்தலாகாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் 1977இல் எழுதியதை எடுத்துக் காட்டினேன், முடிவு ரத்தாயிற்று. ஆனால் அந்த அலுவலகம் டெண்டரையே கைவிட்டுப் புதிதாக அழைக்க, வேலை மூன்றாமவர் ஒருவருக்குப் போயிற்று. மீதிக் கட்டணத்தைக் கொடுக்க வந்த கட்சிக்காரர், "நாம ஜெயிச்சோமா சார், தோத்தோமா?" என்று கேட்டார். ரமண தயாராம் ஷெட்டியைவிட ஒரு படி மேலே நிற்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. இரண்டாம் கட்ட மெட்ரோப் பணியால் எங்கள் வடபழனி பட்ட பாட்டை அறிந்தவர்கள், ஓர் இடைக்காலத் தடை ஊருக்கு என்ன விலை வைக்கும் என்பதையும் எளிதில் அறிவார்கள். தோண்டிய பள்ளம் தோண்டியபடியே கிடக்க, தோற்றவரின் மனத்தாங்கலுக்காகப் பொதுப்பணி நிற்பது நியாயமன்று. முடிவு தீய நோக்குடையதா, அல்லது எந்த விவேகியும் எட்டாத முடிவா என்பதும், பொதுநலன் பாதிக்கப்படுகிறதா என்பதும் ஆகிய இரண்டு கேள்விகளை ஜகதீஷ் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அவ்விரண்டையும் முதலில் என் மேசையிலேயே கேட்டு, பாதிப் பேரையாவது மனு எழுதாமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதனால் வருமானம் குறைகிறது. ஆனால் நான் தாக்கல் செய்யும் மனுவை நீதிபதி சற்றே கவனித்துப் படிக்கிறார்.

ஒப்பந்தக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. நிராகரிப்புக் கடிதம் வந்த உறையை எறிந்துவிடாதீர்கள். அது கைக்குக் கிடைத்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்ய, அந்தத் தேதியிலிருந்து பத்து நாட்களே உண்டு. வடிகால் ஒப்பந்தக்காரர் என் படியேறி வந்தது இருபத்து மூன்றாம் நாள்.