சித்தம் தெரிந்தபின்

மேல்சித்தாமூரில் வீற்றிருப்பவரிடம் நாம் எதையும் கேட்கலாம். அவர் தரமாட்டார். மறுக்கவும் மாட்டார்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. சுற்றிலும் வயல்கள், நடுவில் உயரமான ராஜகோபுரம். தூரத்திலிருந்து பார்க்கிறவர் சிவன் கோயில் என்றுதான் நினைப்பார். உள்ளே இருப்பவர் பார்சுவநாதர், இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. 'ஜெயின்' என்றதும் நமக்கு நினைவு வரும் சௌகார்பேட்டை அடகுக்கடைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்கள் தமிழ் பேசி, இதே மண்ணில் உழுது, பெயருக்குப் பின்னால் நயினார் என்று போட்டுக்கொண்டவர்கள்.

சமணத்தில் தீர்த்தங்கரர் உலகைப் படைத்தவர் அல்லர். விருப்பு, வெறுப்பு இரண்டையும் வென்றவர். வென்றுவிட்ட பிறகு அவருக்கு விருப்பம் என்று ஒன்று எப்படி இருக்கும்? நான் எந்த வேலைக்குப் போகவேண்டும், யாரைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு திட்டமும் கிடையாது. பிரார்த்தனையாகக் கேட்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும் யட்சி பத்மாவதியிடம் கேட்கிறார்கள். மனுசன் கேட்காமல் இருப்பானா? ஆனால் மூலவர் சும்மா இருக்கிறார்.

நான் வளர்ந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல்லே 'சித்தம்'தான். கல்யாணப் பத்திரிகையில் 'தேவனுக்குச் சித்தமானால்' என்று போடாமல் முகூர்த்த நேரம் அச்சடிக்கமாட்டார்கள். பரீட்சை, வேலை, வீடு மாறுவது, வண்டி வாங்குவது என எல்லாவற்றுக்கும் அம்மாவின் கேள்வி ஒன்றேதான்: "ஜெபம் பண்ணியாப்பா? ஆண்டவர் எதாச்சும் பேசினாரா?"

பேசவைப்பதற்கு எங்களிடம் வழிகள் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அதுதான் வருஷம் முழுக்க நமக்கான வசனம். அவசரம் என்றால் வேதத்தைத் திறந்து விரல் பட்ட இடத்தை வாசிப்பது. பெரிய முடிவு என்றால் கிதியோனைப் போல அடையாளம் கேட்பது. அவர் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, ஒருநாள் தோல் மட்டும் நனையவேண்டும், மறுநாள் தரை மட்டும் நனையவேண்டும் என்று கேட்டார். நாங்கள் விசாவைப் போடுகிறோம். கிடைத்தால் சித்தம், ரிஜெக்ட் ஆனால் சித்தமில்லை.

என் வேலை மென்பொருள் எழுதுவது. என்ன இன்புட் கொடுத்தாலும் பாஸ் ஆகிற ஒன்றை எங்கள் டீமில் யாரும் டெஸ்ட் என்று சொல்லமாட்டார்கள். வந்ததும் சித்தம், வராததும் சித்தம் என்றால் நான் கண்டுபிடித்தது என்ன? நடந்ததற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இதைச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிட்டது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுள் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி நாம் தேடுவது அவரையா, அல்லது முடிவெடுத்த பொறுப்பிலிருந்து தப்பிக்க ஒரு இன்சூரன்ஸையா என்றுதான் கேட்கிறேன்.

*

செஞ்சிப் பகுதிச் சமணர்களிடம் ஒரு கதை வழங்குகிறது. செஞ்சியை ஆண்ட ஒரு நாயக்கர் அவர்கள்மேல் கடும்பகை கொண்டார். கண்ட இடத்தில் கொல்ல உத்தரவு. பலர் ஊரை விட்டு ஓடினார்கள். பலர் நெற்றியில் திருநீறு பூசிச் சைவர்களாகத் தப்பினார்கள். அந்தச் சமயத்தில் ஒருவர் குளத்தங்கரையில் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்ததைச் சேவகர்கள் பார்த்துவிட்டார்கள். தண்ணீரில் இருக்கும் சிறு உயிர் வாய்க்குள் போய்விடக்கூடாது என்பதற்காகச் சமணர்கள் அன்றாடம் செய்வது அது. அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு போனார்கள். அரண்மனையில் அன்று குழந்தை பிறந்திருந்ததால் உயிர் தப்பினார் என்று கதை முடியும்.

வரலாற்றாசிரியர்கள் இதை எப்படி வேண்டுமானாலும் எடைபோடட்டும். எனக்கு இதில் முக்கியம் அந்தத் துணி. நெற்றியை மாற்றிக்கொள்ளலாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்கும் விதத்தில் ஒருவரின் நம்பிக்கை அகப்பட்டுவிடுகிறது. அவர் யாரிடமும் அடையாளம் கேட்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

சமணர்களுக்குப் பிரதிக்கிரமணம் என்றொரு கடமை உண்டு. திரும்பி நடப்பது என்று பொருள். இன்று எந்த உயிருக்கு என்ன தீங்கு செய்தேன் என்று நாளைப் பின்னோக்கிப் பார்த்து, எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்பது. இதைப் படித்தபோது எனக்கு இக்னேஷியஸ் லொயோலா ஞாபகம் வந்தார். 1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்ததால் படுக்கையில் விழுந்து, அங்கிருந்து வேறு மனிதராக எழுந்த போர்வீரர். அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548இல் அச்சானது. அதில் ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் சொல்கிறார்: நன்றி சொல், வெளிச்சம் கேள், நாளை மணிக்கணக்காகத் திருப்பிப் பார், மன்னிப்புக் கேள், திருந்தத் தீர்மானி. ஐந்தில் எதுவுமே நாளை என்ன நடக்கும் என்று கேட்பதில்லை. எங்கள் ஆட்கள் லாக் ஃபைலைத் திறக்கிற மாதிரிதான்.

இக்னேஷியஸ் இன்னொன்றும் சொல்கிறார். தேர்வு செய்ய உட்காரும் முன் மனம் தராசு முள்போல நடுவில் நிற்கவேண்டும். செல்வமா வறுமையா, நீண்ட ஆயுளா குறுகிய ஆயுளா என்பதில் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்த மனதால் கடவுளின் சித்தத்தைக் கேட்க முடியாது. தன் விருப்பத்தைத்தான் அது எதிரொலியாகக் கேட்கும். சமணர் தங்கள் கடவுளிடம் பார்த்து வணங்கும் அந்தச் சாயாத நிலையை, இவர் கேட்க வருகிற மனிதனிடம் எதிர்பார்க்கிறார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. சமணருக்கு அதுவே முடிவு, கிறிஸ்தவருக்கு அதற்கப்புறம்தான் ஒரு குரல் இருக்கிறது. ஆனால் மனந்திரும்புதல் என்ற நம் சொல்லுக்குள்ளும் ஒரு 'திரும்புதல்' இருக்கிறதே.

*

மனம் சாய்ந்திருப்பது என்றால் என்னவென்று இதே பக்கத்தில் ஒரு ஊர் காட்டியது. எறையூர், அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. பழைய கத்தோலிக்க ஊர். ஒரே மாதா, ஒரே செபமாலை, ஆனால் செத்தவர்களைப் புதைக்க இரண்டு கல்லறைத் தோட்டங்கள். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் இறந்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். அந்த ஊரில் தேவசித்தம் என்னவென்று யாருக்காவது தெரியாமலா இருந்தது? பக்கத்தில் உட்கார்ந்து திவ்ய நற்கருணை வாங்குவதற்குக் கிதியோனின் தோல் தேவையா?

பவுல் தன் நிருபங்களில் 'இதுதான் தேவனுடைய சித்தம்' என்று நேரடியாகச் சொல்லும் இடங்களில் பரிசுத்தமாக இருக்கச் சொல்கிறார், எல்லாவற்றிலும் நன்றி சொல்லச் சொல்கிறார். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று ஒன்றுமில்லை. கெத்செமனேயில் இயேசு மூன்றுமுறை ஜெபித்தார். பிதாவின் சித்தம் தெரியாமல் அல்ல. தெரிந்ததால்தான் அவருக்கு அப்படி வியர்த்தது.

இப்போது எங்கள் வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். மேட்ரிமோனி சைட்டில் மதம் கிறிஸ்தவம் என்று போட்டதும் அடுத்த கட்டமே சாதி கேட்கிறது. அம்மா நிரப்பிவிட்டு, வரும் வரன்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்காகவும் காலையில் முழங்காலில் நிற்கிறார். அந்த ஜெபம் உண்மையானது. சிறுவயதிலிருந்து அதன் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். ஆனால் ஆண்டவரிடம் போகும் முன்பே ஃபில்டர் போட்டாச்சு. குளத்தங்கரைக்காரர் உயிர்கள் சாகாமல் இருக்கத் துணி பிடித்தார். நாங்கள் பிடித்திருக்கும் துணியில் யார் தங்குகிறார்கள், யார் கீழே போகிறார்கள்?

அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்று போனவாரம் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஜெபம் பண்ணலாம்பா" என்றார்.

"எதுக்கும்மா? இதுல ஆண்டவர் என்ன சொல்வாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார் அம்மா. "அதான் பயமா இருக்கு."

அம்மாவிடம் நான் கேட்ட மிக நேர்மையான விசுவாச அறிக்கை அது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்கு அந்தக் கட்டம் நிரப்பியபடியேதான் இருக்கிறது. அம்மா நோட்டை மட்டும் மூடிவைத்திருக்கிறார். காலையில் இன்னும் முழங்காலில் நிற்கிறார், சத்தம் வராமல்.