ஸ்டாருக்கு மட்டும் பர்மிஷன்

மார்கழி பொறந்துட்டா எங்க அம்பத்தூர் பக்கம் தெருவே வேற மாதிரி ஆயிடும். விடியக்காலைல வாசலுக்கு வாசல் கோலம், நடுவுல பூசணிப்பூ (இப்பல்லாம் பூ கெடைச்சா உண்டு :-)). ராத்திரியானா பால்கனி, மொட்டைமாடின்னு அங்கங்க கிறிஸ்துமஸ் ஸ்டார். டிசம்பர் 16 வாக்குல மார்கழி ஆரம்பம். ஸ்டார் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் பல வீட்ல தொங்கும். ஆக மூணு வாரம் ரெண்டும் ஒரே தெருவுல.

1960கள்ல அம்பத்தூர்ல தொழிற்பேட்டை, ஆவடில டாங்க் ஃபேக்டரின்னு வந்தப்ப எங்கெங்கிருந்தோ ஜனங்க பொழைக்க வந்தாங்க. சாமியையும் கூடவே கூட்டிட்டு வந்தாங்க.

இந்தக் காகித ஸ்டாரோட பூர்வீகம் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. ஜெர்மனில நீஸ்கிங்கற ஊர்ல, மொராவியன் சபை பள்ளிக்கூடத்துல, 1830கள்ல பசங்களுக்கு ஜியாமிதி சொல்லிக்குடுக்க செஞ்ச நட்சத்திரம்தான் முன்னோடியாம். நம்ம புள்ளிக்கோலமும் ஜியாமிதிதானே!

ஆனா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்குங்க. கொஞ்ச வருஷம் முன்னாடி எங்க பக்கத்து போர்ஷன்ல ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வாடகைக்கு இருந்தாங்க. டிசம்பர் பொறந்ததும் அந்த அக்கா ஹவுஸ் ஓனர்கிட்ட தயங்கித் தயங்கி கேட்டாங்க.

"அண்ணே, வாசல்ல ஒரு ஸ்டார் மாட்டிக்கட்டுங்களா? கரண்டுக்கு என்ன ஆகுதோ குடுத்துடறோம்."

"தாராளமா மாட்டிக்கோம்மா. ஹால்ல மாட்டிக்கோ. வெளிய வேணாம், நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

ஓனர் ஒண்ணும் கெட்டவர் இல்லை. வருஷா வருஷம் அவங்க குடுக்கற கேக்கை ரசிச்சு சாப்பிடுவார். ஆனா ஸ்டாரை ஹாலுக்குள்ள மாட்டினா அது வெறும் நைட் லாம்ப்தானே? தெருவுல போறவன் அண்ணாந்து பாக்கத்தானே அது!

அதே அக்கா அதே வாசல்ல மார்கழி பூரா கோலம் போட்டாங்க. அதுக்கு யாரையும் கேக்கலை. 25ஆம் தேதி காலைல பாத்தா, கோலத்துக்கு நடுவுல பெருசா ஒரு ஸ்டார். மஞ்சக் கலர் பொடி, வாலோட! ஓனர் வீட்டம்மா வந்து பாத்துட்டு, "ரொம்ப அழகா இருக்குடி"ன்னாங்க.

மத நல்லிணக்கம்னா சேந்து கேக் சாப்பிடறது, சுண்டல் சாப்பிடறதுன்னு நெனைச்சுக்கறோம். அதுவும் வேணும்தான். ஆனா ஒரு தெருவுல யாரு கேட்டுட்டு மாட்டறாங்க, யாரு கேக்காமயே மாட்டறாங்கன்னு பாருங்க. அந்தத் தெருவோட லட்சணம் தெரிஞ்சிடும்.

உங்க தெருவுல எப்படிங்க?