மெத்துனு ஏதாவது

பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் போனால் முதல் வேலை மூக்குக்குத்தான். தோல் மண்டிகளின் வாடை ஒரு புறம், விளையாட்டுச் சாமான் கடைகளின் புது ரப்பர் வாடை மறு புறம். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்தது அந்தக் கடை. அக்காள் மகனின் கிரிக்கெட் மட்டைக்கு கிரிப் மாற்றப் போயிருந்தேன். "பத்து நிமிஷம் உக்காருங்க சார்" என்று பாய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினார். பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. எனக்குக் குறையில்லை. கடையில் காத்திருக்கிற ஆளை யாரும் கவனிப்பதில்லை. அவன் பாட்டுக்கு எல்லாரையும் கவனித்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். மகளுக்கு நாற்பத்தைந்து வயது சொல்லலாம், தோளில் துணிப்பை. பெரியவர் எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. வலது கை விரல்களை இடது கையால் நீவிவிட்டபடியே படியேறினார்.

"தம்பி, வீட்டுல எக்சர்சைஸ் சைக்கிள் இருக்கு. ஹேண்டில்ல இருந்த ஸ்பாஞ்ச் உரிஞ்சு போச்சு. பிடிச்சா கையெல்லாம் கறுப்புக் கறுப்பா ஒட்டுது. அப்பாவுக்கு விரல் முழுசா மடங்காது. மெத்துனு ஏதாவது குடுங்க."

'மெத்துனு' என்ற சொல் காதில் விழுந்ததும் கடைப் பையன் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு தனிக் கடையே பரப்பிவிட்டான். புல்லாங்குழல் மாதிரி நீளமான ஃபோம் குழாய்கள், மெல்லிசு, தடிசு, மகா தடிசு. சைக்கிள் கடையில் விற்கிற ரப்பர் பிடிகள். பாட்மின்டன் மட்டைக்குச் சுற்றுகிற டேப் சுருள்கள் ஏழெட்டு நிறத்தில். இளநீல நிறத்தில் டர்க்கித் துண்டுத் துணியால் ஒன்று. மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கி எழும்பினால் ஒரு தலையசைப்பு. எழும்ப நேரமானால் உதட்டுப் பிதுக்கல்.

அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்த எல்லாருமே இதைத்தான் செய்தார்கள். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். வீட்டுக்குப் போனதும் அதைப் பிடிக்கப் போவது முழு உள்ளங்கை; அதுவும் அரை மணி நேரம், வியர்வையோடு. கடையில் அந்த உள்ளங்கையிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. மெத்தைக் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மெத்தை வாங்குகிறோமே, அதே கதை.

மகள் கையில் கடைசியாக நின்றது மகா தடிசுக் குழாய். அமுக்கினால் விரல் முக்கால்வாசி உள்ளே போனது. "இது நல்லா இருக்குல்லப்பா?" பெரியவர் பதில் சொல்லவில்லை. குழாயின் துளைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

"சைஸ் என்னக்கா?" என்றான் பையன்.

துணிப்பையிலிருந்து ஒரு நூல் வந்தது. வெள்ளைத் தையல் நூல், இரண்டு முடிச்சு போட்டது. ஹேண்டிலைச் சுற்றி அளந்து முடிந்திருக்கிறார். பையனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. குழாயின் வாய்க்குக் குறுக்கே நீட்டிப் பிடித்தான். மூலையில் என் மட்டையின் பழைய கிரிப்பை பிளேடால் கீறிக்கொண்டிருந்த பாய் ஸ்கேலை எடுத்து வந்து முடிச்சுக்கு முடிச்சு வைத்தார். சரியாக 4 அங்குலம்.

"முப்பத்திரண்டு மில்லி" என்றார் பெரியவர்.

கடைக்குள் வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். பாய் நிமிர்ந்து பார்த்தார். நானும் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்: 4 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 102 மில்லிமீட்டர், 3.14ஆல் வகுத்தால் 32 சொச்சம். எனக்கு அரை நிமிஷம் ஆனது. அவருக்கு ஆகவில்லை. அப்புறம்தான் அவர் கையைச் சரியாகப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் குறுக்கே பழைய பிளவு ஒன்று. புறங்கையில் தோலுக்கடியில் தங்கிப்போன கறுப்புப் புள்ளிகள். லேத்தில் நின்ற கையாக இருக்கலாம். பெரம்பூரில் 1955லிருந்து ரயில் பெட்டி செய்துகொண்டிருக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அப்ப ஓட்டை முப்பது இருக்கணும்மா. கொஞ்சம் இறுக்கமா ஏறினாத்தான் சுத்தாம நிக்கும்" என்றார் பாய்.

"ஏத்தறப்ப தேங்கா எண்ணெய் தடவிக்குங்கக்கா, வழுக்கிட்டுப் போயிடும்" என்றான் பையன்.

"வழுக்கும்டா. ஆயுசுக்கும் வழுக்கும். சோப்புத் தண்ணி தடவணும்மா. ஏர்ற வரைக்கும் வழுக்கும், காஞ்சா கவ்விக்கும்." சொல்லிவிட்டு அவர் மறுபடி மூலைக்குப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் ஓர் இளைஞன் வந்தான். கை இல்லாத பனியன், தோள் இரண்டும் தேங்காய் மூடி மாதிரி. "ராடு மேல மாட்டற கிரிப் இருக்காண்ணா? ரெண்டு இஞ்சு." அவனும் ரப்பர் உருளையை வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கினான். அமுங்கவில்லை, அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஆண்கள் பிடிக்கிற கம்பி 28 மில்லிமீட்டர்தான், பெண்களுடையது 25. கம்பி மெலிந்திருந்தால் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும். ரெண்டு இஞ்சில் அந்தப் பூட்டு விழாது; பிடியில் வைத்திருக்கவே முன்கை முழுக்கப் பாடுபட வேண்டும். அந்தப் பாட்டைத்தான் காசு கொடுத்து வாங்கிப் போனான் பிள்ளையாண்டான்.

பெட்டியின் மேலிருந்த மகா தடிசுக் குழாயைத் திரும்பிப் பார்த்தேன். சுவர்த் தடிமன் 10 மில்லிமீட்டர் இருக்கும். 32இல் அதை ஏற்றினால் 52. ரெண்டு இஞ்சைவிடக் கொஞ்சம் கூட. விரல் மடங்காத பெரியவருக்கு மகள் ஆசையாகத் தேர்ந்தெடுத்திருப்பதும், அந்தப் பயில்வான் வாங்கிப் போனதும் ஒரே அளவு. ஸ்பாஞ்ச் அமுங்கும், வாஸ்தவம்; அதற்காகப் பாதியாகவா சுருங்கிவிடும்? மெல்லிய கம்பியும் அவருக்கு ஆகாது, விரலை இறுக்க மடக்கியாக வேண்டும். நடுவில் எங்கோ ஓர் அளவு இருக்கிறது. அதைத் தொண்டை வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டேன். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஸ்டூல்காரன் என்ன சொல்வது?

"சைக்கிள் போட்டோ இருக்காக்கா?" என்றான் பையன். எண்ணெய் விஷயத்தில் தவறினாலும் விவரமான பையன்தான். மகள் போனை நீட்டினார். பையன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். ஹேண்டிலின் நடுவில் பளபளவென்று இரண்டு எஃகுத் தகடுகள்.

"இது பல்ஸ் பாக்கறது. மேல குழாயை ஏத்திட்டா ஸ்கிரீன்ல நம்பர் வராது."

"ஐயோ, டாக்டர் அதைப் பார்த்துத்தான் ஓட்டச் சொல்லியிருக்காரு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மேலே மின்விசிறி மட்டும் கடகடத்தது. பெரியவர் மெதுவாக நடந்து மூலைக்குப் போனார். அங்கே பாய், கூம்பு மாதிரியான மரக் கோனில் புது ரப்பர் கிரிப்பை ஏற்றி மேலே சுருட்டிக்கொண்டிருந்தார். என் மட்டை கிரிப் இல்லாமல், நூல் சுற்றிய வெறும் கைப்பிடியோடு சுவரில் சாய்ந்திருந்தது. பெரியவர் அதை எடுத்தார். 'என்னுடையது' என்று நான் சொல்லவில்லை.

வலது கையைக் கைப்பிடிமேல் வைத்து ஒவ்வொரு விரலாக மூடினார். சுண்டுவிரல் முதலில், ஆள்காட்டி கடைசியில். மோதிர விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. இடது கையால் அதைத் தொட்டுப் பார்த்தார், கட்டாயப்படுத்தவில்லை. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பி, டேப் சுருள்களில் தடிமனான ஒன்றை எடுத்து, பையனிடம் ஜாடை காட்டினார். பையன் புரிந்துகொண்டு மட்டையின் கைப்பிடியில் நாலு சுற்றுச் சுற்றினான். பெரியவர் மறுபடி மூடினார். இந்த முறை மோதிர விரல் நின்ற இடத்திலேயே பிடி கிடைத்துவிட்டது. கட்டைவிரலால் அமுக்கவே இல்லை. மட்டையைத் தூக்காமல், கையின் கனத்தை மட்டும் அதில் போட்டு ஒரு நிமிஷம் நின்றார். அவ்வளவு நேரம் நீவிக்கொண்டேயிருந்த இடது கை சும்மா தொங்கியது.

"இது ரெண்டு மில்லிதானேப்பா, மெத்துனே இல்லியே" என்றார் மகள், தன் பங்குக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு.

"சுத்துனா நாலு ஏறும். போதும்."

32இல் 4 ஏறினால் 36. ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் இன்னும் கொஞ்சம். தகடு வரை சுற்றி நிறுத்திக்கொள்ளலாம், பல்ஸும் பிழைத்தது. வியர்வையில் ஊறி நாற்றமெடுத்தால் உரித்துப்போட்டு வேறு சுற்றலாம், குழாயை அறுத்தெடுக்கிற பாடு இல்லை. டர்க்கித் துணியும் அருமையாக வியர்வை வாங்கும், என்ன, அதற்கு அடிக்கடி குளிப்பாட்டு வேண்டும்.

நீலமா கறுப்பா என்று மகள் கேட்டார். பெரியவர் தோளைக் குலுக்கினார். நீலம் இரண்டு சுருள், உபரியாக ஒன்று.

"ஹேண்டில் நுனியிலேருந்து ஆரம்பிச்சு உள்பக்கமா சுத்துங்கம்மா. பழைய பிசினை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுடுங்க, இல்லாட்டி ஒட்டாது" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. அதற்குள் பெரியவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். படியோரம் ஒரு இரும்புக் குழாய்க் கைப்பிடி. பெயின்ட் போய், பல வருஷக் கைகளில் தேய்ந்து மினுங்குகிறது. அதைப் பிடித்து இறங்கினார்.

பாய் மட்டையிலிருந்து டேப்பை உரித்தார். கோனைக் கைப்பிடி உச்சியில் பொருத்தி, சுருட்டி வைத்திருந்த ரப்பரை இரண்டு உள்ளங்கைகளாலும் ஒரே தள்ளாகக் கீழே இறக்கினார். பாம்பு சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. நுனியை வெட்டி, டேப் ஒட்டி, என்னிடம் நீட்டினார். வாங்கின கையோடு நான் செய்த காரியம், கட்டைவிரலால் ஓர் அமுக்கு.

"நல்லா இருக்கு பாய்" என்றேன்.

முடிச்சு நூல் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே கிடந்தது. பையன் அதை ஊதித் தள்ளப் போனான். பாய் எடுத்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.