தண்ணியில கண்டம்!

எனக்கு ஆறு வயசில் ஜாதகம் பார்த்த ஜோசியர், "பையனுக்குத் தண்ணியில கண்டம்" என்று சொல்லிவிட்டு, அஞ்சு ரூபாயும் ஒரு படி கேழ்வரகும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா என்னைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை. காரணம் இருந்தது. அம்மாவின் தம்பி, பதினாலு வயசில், கிணற்றில்தான் போனார்.

அப்பா வேறு கட்சி. "கண்டம் இருக்கிறவன்தான்டி நீச்சல் கத்துக்கணும்" என்று என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கிணற்று மேட்டிலிருந்து ஒரே தள்ளு! நைனார்பாளையத்தில் அப்போது நீச்சல் கோச்சிங் என்றால் அதுதான். மூணாம் நாள் குடுக்கை இல்லாமல் மிதந்தேன். அடுத்த வாரம் பம்புசெட் கொட்டகை மேலிருந்து குதித்தேன். அம்மாவுக்குத் தெரியாது. (தலை ஈரம் காய, கரும்புக் கொல்லை வரப்பில் வெயிலில் நின்ற கதை தனி.)

அப்புறம் தண்ணீர் எங்கே இருந்தாலும் கால் தானாகப் போனது. ஐப்பசி மழைக்கு ரொம்பும் ஏரி, கோமுகி அணை, கல்வராயன் மலை மேகம் அருவி... மாசி மகத்துக்கு ஆயா கடலூர் தேவனாம்பட்டினம் கூட்டிப்போனபோதுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். "இதுக்கு அந்தாண்டக் கரை எங்க ஆயா?" என்றேன். ஆயா பதில் சொல்லாமல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகென்ன... படிப்பு, சென்னையில் வேலை, கல்யாணம். தண்ணீருக்கும் எனக்கும் இருந்த பந்தம், லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்குவதோடு நின்றுபோனது.

புதுச்சேரியில் ஒரு நண்பர், சின்னதாகப் பாய்மரப் படகு வைத்திருக்கிறார். 2025 மே மாசக் கடைசியில் போன் செய்தார். "யோவ், எங்க ஊர்ப் பொண்ணு ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோடு தில்னாவும் உலகத்தைச் சுத்திட்டு கோவாவுக்கு வந்து சேர்ந்துட்டாங்க. நீ இன்னும் பீச்சுல சுண்டல் தின்னுட்டிருக்கே!" இருவரும் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். 56 அடி 'தாரிணி' படகில், 2024 அக்டோபர் 2-ல் கிளம்பி, 2025 மே 29-ல் திரும்பியிருந்தார்கள். மொத்தமே ரெண்டு பேர்!

அடுத்த ஞாயிறே பஸ் ஏறிவிட்டேன்.

என் முதல் சந்தேகம்: எதிர்க்காற்று அடித்தால் எப்படிப் போவது? நேரே போக முடியாதாம். காற்றுக்குச் சுமார் 45 டிகிரி சாய்வாகக் கொஞ்ச தூரம் வலப்பக்கம், திருப்பிக் கொஞ்ச தூரம் இடப்பக்கம். கல்வராயன் மலையில் பஸ் கொண்டை ஊசி வளைவில் ஏறுமே, அதே கணக்கு. பாயின் வளைவில் காற்று ஓடும்போது, விமான இறக்கையைத் தூக்குகிற அதே விசை படகை இழுக்கிறது. பக்கவாட்டில் நழுவாமல் அடியில் ஒரு பலகை பிடித்துக்கொள்கிறது. இன்ஜின் சத்தம் கிடையாது. சலசலவென்று தண்ணீர் மட்டும். வேகம்? அஞ்சு நாட். அதாவது மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். எங்க ஊர் டவுன் பஸ்ஸே சிரிக்கும். ஆனால் சார், அந்த ஒன்பது கிலோமீட்டரில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூணாவது ஞாயிறு வந்தது கண்டம். படகைத் திருப்பும்போது தலை குனிய மறந்தேன். பாயின் அடிக்கட்டை மண்டையில் ஒரு தட்டு! நான் ஒரு பக்கம், கவிழ்ந்த படகு இன்னொரு பக்கம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், நீச்சலும் தெரியும். இருந்தும் பயந்தேன். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நான் பார்த்தேயிராத மாமா ஞாபகம் வந்தார்.

"பலகை மேல ஏறி நில்லுய்யா!" நண்பரின் குரல். ஏறி நின்றேன். படகு மெதுவாக நிமிர்ந்தது.

(அபிலாஷ் டாமி என்ற நம் கடற்படைக்காரர், 2018-ல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, நகர முடியாமல் படுத்துக் கிடந்து மீட்கப்பட்டவர். அதே உலகப் பந்தயத்துக்கு 2022-ல் மறுபடி கிளம்பி, 2023-ல் ரெண்டாவதாக வந்தார். அவரெதிரே என் குளியலைச் சொல்லவே வெட்கம்.)

அன்று ராத்திரி அப்படியே ஊருக்குப் போனேன். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அம்மா தொட்டுப் பார்த்தாள்.

"கடலுக்கா போன?"

இந்த வயசில் பொய் சொல்லத் தோன்றவில்லை. கவிழ்ந்தது வரை எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"கால் எட்டுமா?"

"எட்டாதும்மா."

"கெணத்துலயும்தான் எட்டாது" என்றாள். "வரப்புல நின்னு தலைய காய வெச்சதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சியா?"

எழுந்து ரசம் சுட வைக்கப் போனாள்.