வைஸ் பிரசிடென்ட் கையெழுத்தும் பிட்காயினும்

மல்ட்டிசிக் வாலட்னா என்னன்னு எங்க ஊர்க்காரங்களுக்கு விளக்க ரொம்ப மெனக்கெட வேணாம். வாலாஜாபாத் பேரூராட்சி எல்லையைத் தாண்டினா சுத்தி கிராம ஊராட்சிகள்தான். செக் எழுதின காலத்துல தலைவர் மட்டும் கையெழுத்து போட்டா பணம் வராது, துணைத்தலைவரும் போடணும். ரெண்டு பேருக்கும் ஆகலைன்னா தெருவிளக்குக்கு பல்பு கூட வாங்க முடியாது. அதைவிட மோசம், ரெண்டு பேரும் ரொம்ப சிநேகமாகி, துணைத்தலைவர் செக் புக் முழுக்க முன்கூட்டியே கையெழுத்து போட்டுக் குடுத்துடறது. அப்புறம் ரெண்டாவது கையெழுத்து எதுக்குங்க?

இப்ப மேட்டருக்கு வரேன். பெங்களூர்ல இருக்கற அக்கா பையன் அவனோட பிட்காயினுக்கு மூணு சாவி போடப்போறானாம். ஒண்ணு அவன்கிட்ட, ஒண்ணு அவன் பொண்டாட்டிகிட்ட, ஒண்ணு என்கிட்ட. எந்த ரெண்டு சேர்ந்தாலும் பணத்தை அனுப்பலாம், ஒண்ணு தொலைஞ்சாலும் பணம் போகாது. "மாமா, நீங்க சும்மா ஓகே பண்ணா போதும்"னான். அந்த 'சும்மா'தான் எனக்கு உதைச்சுது. எட்டு வருஷ சேமிப்பு ஆச்சே! (கிரிப்டோ நல்லதா கெட்டதான்னு பின்னூட்டத்துல கும்மி அடிக்காதீங்க, அதுக்குத் தனிப் பதிவு போடறேன் :-))

2024 ஜூலை 18 ஞாபகம் இருக்கா? வாசிர்எக்ஸ்லேர்ந்து சுமார் 23 கோடி டாலர், நம்ம காசுக்கு 1900 கோடிக்கு மேல, ஒரே நாள்ல காலி. அதுவும் மல்ட்டிசிக்தான். ஆறு சாவி: அஞ்சு கம்பெனிக்காரங்ககிட்ட, ஒண்ணு லிமினல்ங்கற காவல் நிறுவனத்துகிட்ட. கம்பெனியில மூணு பேர் போட்டு, அப்புறம் லிமினலும் போடணும். நாலு கையெழுத்தும் விழுந்துச்சு! திரைல காட்டினது ஒண்ணு, கையெழுத்தானது வேற ஒண்ணுன்னு வாசிர்எக்ஸ் சொல்லுச்சு. தப்பு எங்க பக்கம் இல்லைன்னு லிமினல் சொல்லுச்சு. கையெழுத்தான சமாச்சாரம் வாலட்டோட கட்டுப்பாட்டையே திருடன் கைக்கு மாத்திடுச்சு. வடகொரியா வேலைன்னு 2025 ஜனவரியில அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூணும் சேர்ந்து அறிக்கை விட்டாங்க.

அடுத்த மாசமே, பிப்ரவரி 21, பைபிட்ல சுமார் 150 கோடி டாலர். அவங்க பயன்படுத்தின சேஃப் வாலட்டை எழுதற டெவலப்பர் ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல புகுந்து, பைபிட் ஆளுங்க பாக்கற பக்கத்தையே மாத்தி வெச்சிருந்தாங்க. திரைல வழக்கமான டிரான்ஸ்ஃபர் மாதிரி தெரிஞ்சுது. எல்லாரும் அதே பக்கத்தைத்தான் பாத்தாங்க, எல்லாரும் போட்டாங்க. பூட்டை யாரும் உடைக்கலை பாருங்க. சாவிக்காரங்களை வெச்சே திறந்துட்டாங்க.

அதனால அக்கா பையன்கிட்ட சில கண்டிஷன் போட்டேன். அவன் வாட்சப்ல அனுப்பற அட்ரஸை மட்டும் நம்பி நான் போடமாட்டேன். வீடியோ கால்ல வந்து, பணம் போகவேண்டிய அட்ரஸை முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்கணும். நான் கம்ப்யூட்டரைப் பாக்காம, சாவி இருக்கற கருவியோட குட்டித் திரைல ஒப்பிட்டுப் பாத்துக்கறேன். தொகையும் அங்கயே பாக்கணும். அர்த்தம் தெரியாத எழுத்துக்கூட்டம் மட்டும் தெரிஞ்சா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு அவசரம்னாலும் முடியாது. "மாமா, நீங்க பேங்க் மேனேஜரை விட மோசம்"னான். இருக்கட்டும்.

அவன் சாவியும் பொண்டாட்டி சாவியும் ஒரே பீரோல இருக்கப்போகுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. திருடன் ஒரு பீரோவைத் திறந்தா ரெண்டு சாவி! ஒண்ணு வேலூர்ல மாமியார் வீட்டுக்குப் போகுது. இன்னொரு விஷயம் நிறைய பேர் விட்டுடறது: மூணுல ரெண்டு சாவி கையில இருந்தாலே பணம் வந்துடாது. மூணாவது சாவியோட பப்ளிக் கீயும் வேணும், இல்லைன்னா வாலட்டையே திரும்ப உருவாக்க முடியாது. அந்த விவரத்தை அச்சடிச்சு மூணு இடத்துலயும் வைக்கச் சொல்லியிருக்கேன். அதை வெச்சுப் பணம் எடுக்க முடியாது, இருப்பைத்தான் பாக்கலாம். 24 வார்த்தை மட்டும் பேப்பர்ல, போட்டோ எடுக்கவே கூடாது.

பொங்கலுக்கு ஊருக்கு வரான். முதல்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு மட்டும் போட்டு, ஒரு கருவியைச் சுத்தமா அழிச்சுட்டு, பேப்பர்ல இருக்கறதை வெச்சே திரும்ப எடுத்துக் காட்டணும். அது வந்தாத்தான் மீதி உள்ள போகும்.